கணனியின் வன்தட்டும் காணி உறுதியும்

இடம்பெயர்ந்த வேளையில் எதை எடுத்துக்கொண்டு புறப்பட்டீர்கள் என்று கேட்டால், எம்மவரிடமிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். பிள்ளைகள், ஒரு சொப்பிங் பையில் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை. முடிந்தால் கொஞ்சம் விதைநெல். இன்று அந்தப் பையில் பாதி பல வீடுகளில் கணனிக்குள் போய்விட்டது. உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் படம்பிடித்து அதில் போட்டு வைத்திருக்கிறோம். காணாமற்போனவரின் ஒரே புகைப்படமும் பிள்ளையின் உயர்தரப் பாடக் குறிப்புகளும் அதற்குள்தான். ஆகவே 'டிஸ்க் எரர்' என்று திரையில் ஒரு வரி தோன்றும்போது நெஞ்சு திக்கென்பதில் வியப்பில்லை.

கூரை ஒழுகினால் என்ன செய்வோம்? முதலில் நெல் மூட்டைகளை நனையாத இடத்துக்கு மாற்றுவோம். பிறகுதான் ஏணி வைத்துக் கூரையில் ஏறுவோம். கணனி விடயத்தில் மட்டும் எல்லோரும் முதலில் கூரையிலேயே ஏறுகிறார்கள்.

கணனி அணைந்த பின்னும் பதிவுகளைக் காத்து வைத்திருக்கும் பாகமே வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க். அதனுள்ளே கண்ணாடிபோல் மினுங்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுழல்கின்றன. அவற்றை வாசிக்கும் முனை தட்டைத் தொடாமல், தலைமயிரின் தடிப்பிலும் பன்மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. தொட்டுவிட்டால் கீறல் விழும். தட்டு முழுவதும் வரம்பு கட்டிய பாத்திகள் போன்று சிறுசிறு கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பாத்தி கெட்டால் வன்தட்டு தானாகவே அதை ஒதுக்கி, மேலதிகமாக உள்ள இன்னொன்றைப் பயன்படுத்தும். எனவே பிழைச் செய்தி எம் கண்ணில் படும்போது, உள்ளே பல பாத்திகள் ஏற்கெனவே கெட்டிருக்கலாம்.

எல்லாப் பிழையும் தட்டின் பிழையல்ல. சில வேளை உள்ளே வயர் தளர்ந்திருக்கும். பென் டிரைவைச் செருகிய படியே கணனியைப் போட்டாலும் 'வன்தட்டு இல்லை' என்பதுபோல் செய்தி வருவதுண்டு. இன்னொரு வகை, திடீரென மின்சாரம் நின்றதால் வருவது. இங்கே காணி பழுதில்லை, காணிப் பதிவேட்டில்தான் எழுத்துப் பிழை. எந்தக் கோப்பு எங்கே உள்ளது என்ற குறிப்பு குழம்பியிருக்கும். மூன்றாவது வகையில் காணியையே வெள்ளம் அரித்துக்கொண்டு போகிறது.

இவற்றைப் பிரித்தறிய 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் உதவும். வன்தட்டு தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் நாட்குறிப்பை அது காட்டும். நீல நிறம் நன்று, மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. 05, சி5, சி6 என்ற வரிகளின் கடைசியில் உள்ள எண் பூச்சியமாக இல்லாமல் நாளுக்கு நாள் ஏறினால் தட்டு அழிகிறது என்று கொள்ளலாம். சி7 மட்டும் ஏறினால் வயரைப் பாருங்கள். அது சில நூறு ரூபாய் வேலை.

ஆயினும் நீல நிறத்தைக் கண்டு நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். 2007இல் கூகிள் நிறுவனம் தனது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. பரிசோதனையில் முதற் பிழை கண்ட தட்டு அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, பிழை காணாததை விட 39 மடங்கு. அதே ஆய்வில், செயலிழந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவை முக்கிய எச்சரிக்கைகளில் ஒன்றையேனும் தரவில்லை என்றும் கண்டார்கள்.

ஆகவே முதல் வேலை பிரதி எடுத்தல். வேறு பென் டிரைவிலோ வெளி வன்தட்டிலோ முதலில் ஆவணங்களும் புகைப்படங்களும், பிறகு பிள்ளையின் குறிப்புகள். சினிமாப் படங்கள் கிடக்கட்டும். விண்டோஸ் எழும்பாவிட்டால், அயலவரின் கணனியில் லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்து, அதிலிருந்து கணனியைத் தொடக்கிப் பிரதி எடுக்கலாம். வன்தட்டு 'டிக், டிக்' என்று அடித்தால் உடனே நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பது கீறலைப் பெருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சரிவரும் என்பது ஈரத்தை உள்ளே விடும் வேலை. மூடியைத் திறப்பதோ அதனிலும் மோசம்.

பிரதி கையில் வந்த பின்னர் கூரையில் ஏறலாம். விண்டோஸில் 'செக் டிஸ்க்' என்ற கட்டளை உண்டு. அதனுடன் 'எஃப்' சேர்த்தால் பதிவேட்டுப் பிழையைத் திருத்தும். 'ஆர்' சேர்த்தால் தட்டு முழுவதையும் தடவிக் கெட்ட பாத்திகளைக் குறித்து வைக்கும். இதற்குப் பல மணி நேரம் செல்லும். மின்வெட்டு வரும் நாளில் தொடங்காதீர்கள். சாகக் கிடக்கும் தட்டில் இதை முதலில் ஓட்டினால், மிஞ்சிய உயிரையும் அதுவே எடுத்துவிடும். கோப்புகள் துண்டு துண்டாகப் பெயரிழந்து கிடப்பதும் உண்டு. எண்கள் தொடர்ந்து ஏறினால் தட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

திருத்தக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'போமட் அடிச்சுத் தாறன்' என்பது கடையில் எளிதாகச் சொல்லப்படும் வார்த்தை. கணனி புதிதுபோல் வரும், படங்கள் வராது. உள்ளே இருப்பவை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, பற்றுச்சீட்டிலும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். புதிய மடிக்கணனிகளில் உள்ள எஸ்.எஸ்.டி. என்ற வகைக்குச் சுழலும் தட்டு இல்லை. அது சத்தமே போடாமல் ஒரு நாள் நின்றுவிடும்.

எடுத்த பிரதிகள் இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் வெள்ளம் இரண்டையும் கொண்டுபோகும். ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். கணனியில் இருப்பது உறுதியின் படமேயன்றி உறுதியல்ல. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது. உறுதி இலக்கம், எழுதிய திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் தெரிந்தால் அங்கே தேடிப் பிரதி பெறுவது எளிது. அவற்றை இன்றே ஒரு தாளில் பேனையால் எழுதி, பழைய சொப்பிங் பைக்குள் வையுங்கள்.