ஒரு வெல்டருக்கு எத்தனை கைத்திறன் வேண்டும்?

45 டிகிரி சாய்வில் குழாயை இறுக்கிப் பொருத்திவிடுவார்கள். அதைத் திருப்பக்கூடாது. வெல்டர்தான் குனிந்தும் நிமிர்ந்தும் மல்லாந்தும் அதைச் சுற்றி வர வேண்டும். முதல் அடுக்கான 'ரூட்'டை டிக் (டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் கொண்டு செய்யும் வெல்டிங்) முறையில் போட்டு, மேலே ஆர்க்கில் (பூச்சுள்ள கம்பியால் செய்யும் வெல்டிங்) நிரப்பி, கடைசி அடுக்கான 'கேப்பிங்' முடித்ததும் ஜாயின்ட் எக்ஸ்ரேவுக்குப் போகும். காற்றுக் குமிழோ சரியாக உருகிப் பிடிக்காத இடமோ அளவுக்கு மேல் தெரிந்தால் தோல்விதான். '6ஜி' எனப்படும் இந்தத் தேர்வில் தேறியவரை எந்த நிலையில் இருக்கும் குழாய்க்கும் நம்பி அனுப்பலாம்.

திருச்சிக்கு இது பழகிய தேர்வு. பொதுத்துறை நிறுவனமான பெல்லின் (பிஎச்இஎல்) பாய்லர் தொழிற்சாலையை ஒட்டித் துவாக்குடியிலும் மாத்தூரிலும் நூற்றுக்கணக்கான பட்டறைகள் வளர்ந்தன. வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே 1975இல் ஒரு நிறுவனமும் இங்கே வந்தது. ஆனால் கடந்த பத்தாண்டில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் சுருங்கியதும் பல பட்டறைகள் முடங்கின. வேலை போனவர்களின் கைத்திறனில் குறையில்லை. அந்தத் திறனைக் கேட்ட வாடிக்கையாளர் ஒருவராகவே இருந்ததுதான் சிக்கல்.

வெல்டரைத் தேடும் வேறு வாடிக்கையாளர்களும் உண்டு. ஆனால் பால் பதப்படுத்தும் ஆலைக்கும் மருந்து ஆலைக்கும் வேண்டியது வேறு வேலை. அங்கே குழாய்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வெல்டிங் போடும்போதே குழாயின் உள்ளே ஆர்கான் வாயுவைச் செலுத்தி காற்றை வெளியேற்ற வேண்டும். தவறினால் உட்புறம் கருகிச் சொரசொரத்துப்போகும். அந்தச் சொரசொரப்பில் கிருமி தங்கும். சாதாரண இரும்பில் ஆர்க் மட்டுமே போட்டுப் பழகியவர் இந்த வேலைக்குள் நுழைய வேண்டுமானால், டிக் பழகித்தான் ஆக வேண்டும்.

கற்றதைக் கைவிடாமலும் இருக்க வேண்டும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இயின் விதிப்படி, ஒரு முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாவிட்டால் அந்த முறைக்கான தகுதி காலாவதியாகிவிடும். இந்திய பாய்லர் விதிகளின்படி தரப்படும் வெல்டர் சான்றுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. புதிய நிறுவனத்தில் சேரும்போது பெரும்பாலும் மறுபடியும் டெஸ்ட் கொடுக்க வேண்டியிருக்கும். இருபது வருட அனுபவம் என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது.

கண்ணும் முதுகும் காலத்துக்கும் ஒத்துழைக்காது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். வரைபடம் படிக்கத் தெரிந்தவருக்கு ஃபோர்மேன் வேலை கிடைக்கும். மின்னோட்டம், ஃபில்லர் கம்பி, முன்சூடு ஆகியவற்றைச் சொல்லும் செயல்முறைத் தாளைப் புரிந்துகொள்பவருக்கு மேற்பார்வை கைவரும். சாயம் ஊடுருவும் சோதனை, அல்ட்ராசோனிக் சோதனை ஆகியவற்றில் நிலை 2 சான்று பெற்றவர், ஜாயின்ட் போட்ட கையோடு ஜாயின்டைச் சோதிக்கும் பக்கத்துக்கே மாறிவிடலாம். ஒரு தொழிலோடு ஒட்டிய இத்தகைய திறன்கள்தான் வயிற்றுக்குச் சோறு போடுகின்றன. ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் சேர்த்த சான்றிதழ்க் கட்டுக்கு அந்த வலு இல்லை.

அடித்தளமும் எட்டாத உயரத்தில் இல்லை. ஐடிஐயில் வெல்டர் படிப்பு ஓராண்டு, எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். ஃபிட்டர் இரண்டாண்டு, பத்தாம் வகுப்பு வேண்டும். இந்த இரண்டாண்டுப் படிப்பை முடித்தால் பாலிடெக்னிக் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பட்டறையிலேயே தொழில் கற்றுக் கையில் காகிதம் எதுவும் இல்லாதவருக்கு, பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்று தரும் வழி இருக்கிறது.

இப்போது வேலையில் இருக்கும் வெல்டர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். தேர்வு முடிவு, எக்ஸ்ரே அறிக்கை, எந்தத் தேதியில் எந்த முறையில் வெல்டிங் செய்தீர்கள் என்ற பதிவு ஆகியவை பொதுவாக நிறுவனத்தின் கோப்பில்தான் கிடக்கும். வேலையை விட்டு வெளியேறும் முன் அவற்றின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.