‘படிக்கிற வேலையைப் பாரு!’ - காலநிலை பற்றிக் கவலைப்படும் டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு இதுதான் பதிலா?

2008-ல் சென்னையில் பிறந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 7 வயதில் 2015 பெருவெள்ளம். அடுத்த ஆண்டே வர்தா புயல். 11 வயதில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரும் அளவுக்குக் குடிநீர்ப் பஞ்சம். 15 வயதில் மிக்ஜாம் புயல் வெள்ளம். பிளஸ் டூ முடிப்பதற்குள் இத்தனையையும் பார்த்துவிட்ட தலைமுறை இது.

இவை எல்லாவற்றுக்கும் காலநிலை மாற்றம் மட்டுமே காரணமல்ல. ஏரிகளை ஆக்கிரமித்ததற்கும், சதுப்பு நிலத்தில் கட்டடம் கட்டியதற்கும் பங்கு உண்டு. ஆனால், பூமி சூடாகச் சூடாக வெயிலும் மழையும் இன்னும் உக்கிரமாகும் என்பதை இந்தப் பிள்ளைகள் பள்ளியிலேயே தெரிந்துகொள்கிறார்கள். ‘நான் பெரியவனாகும்போது எப்படி இருக்கும்?’ என்ற கேள்வி அவர்களுக்கு வருவது இயல்புதானே?

பயத்தைவிட வலிப்பது எது?

இந்தியா உட்பட 10 நாடுகளில், 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 பேரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2021-ல் வெளியானது. காலநிலை மாற்றம் குறித்து மிகவும் கவலைப்படுவதாக 59 சதவிகிதம் பேர் சொன்னார்கள். அந்தக் கவலை அன்றாட வாழ்க்கையையே பாதிப்பதாகச் சொன்னவர்கள் 45 சதவிகிதத்துக்கும் மேல்.

இன்னொரு விஷயமும் அதில் தெரியவந்தது. இந்தக் கவலையை அடுத்தவரிடம் பேசியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், தங்கள் பேச்சை யாரும் பொருட்படுத்தவில்லை என்று உணர்ந்திருக்கிறார்கள். ‘படிக்கிற வேலையைப் பாரு’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் ஒரு வரி, பிள்ளையின் வாயை மூடிவிடும். கவலையை மூடாது.

கோபம் வேலையானபோது...

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், இஸ்திரி போடுபவர் தெருவில் கொட்டிய எரிந்த கரியைப் பார்த்தார். அந்தக் கரிப் புகை என்ன செய்யும் என்று யோசித்தார். சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2021-ல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா காலநிலை மாநாட்டில் பேசும் வாய்ப்பும் கிடைத்தது. வெற்று வாக்குறுதி தரும் தலைவர்கள் மீது தன் தலைமுறைக்குக் கோபம் இருப்பதை அங்கே வெளிப்படையாகச் சொன்னவர், கோபப்பட தனக்கு நேரமில்லை, செயல்படவே விரும்புவதாகவும் சொன்னார்.

உத்தரகாண்டைச் சேர்ந்த ரிதிமா பாண்டே 2017-ல், 9 வயதில், அரசு போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மனு செய்தார். 2019-ல் மனு தள்ளுபடியானது. அவர் ஓயவில்லை. அதே ஆண்டு, கிரேட்டா துன்பெர்க் உள்ளிட்ட பிள்ளைகளோடு சேர்ந்து ஐ.நா-வில் புகார் கொடுத்தார்.

வீட்டில் என்ன செய்யலாம்?

எல்லாப் பிள்ளைகளும் வினிஷாவாக வேண்டியதில்லை. முதலில், குறுக்கே பேசாமல் காது கொடுங்கள். ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது’ என்று பொய்யாகத் தேற்ற வேண்டாம். பிறகு, கண்ணுக்குப் பலன் தெரியும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்யுங்கள். நம் வீடுகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகி 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது. உங்கள் வீட்டுத் தொட்டியில் மழைநீர் உண்மையிலேயே இறங்குகிறதா, மண் அடைத்துக் கிடக்கிறதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு சேர்ந்து திறந்து பாருங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. ‘இனிமே நீங்கதான் உலகத்தைக் காப்பாத்தணும்’ என்று சொல்லிப் பாரத்தை அவர்கள் தலையில் இறக்கிவிடாதீர்கள். இந்த நிலைமையை உருவாக்கியவர்கள் அவர்கள் அல்ல. கிராம சபையிலோ கவுன்சிலரிடமோ போய், ‘நம்ம ஏரியைத் தூர்வாரியாச்சா?’ என்று கேட்டால் பெரியவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை அவர்களுக்குக் கிடைக்காது. அவர்களுக்கு இன்னும் ஓட்டு இல்லை. நமக்கு இருக்கிறது.