பாயை நடுவில் போடு

அப்பா பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதினார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வருவார். எப்போதும் டெக் டிக்கெட்தான். அறை கிடையாது, கட்டில் கிடையாது. தளத்தில் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து ஐந்தாறு நாளை ஓட்டவேண்டும். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் தொடக்க காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றியது. நாகையில் கரையோரம் வராது. தோணியில் போய்த்தான் ஏறவேண்டும். ஏறியவுடன் ஆளாளுக்கு இடம்பிடிக்க ஓடுவார்களாம். அப்பா அதைச் சொல்லும்போது கையால் கப்பலையே வரைந்து காட்டுவார். "அணியத்துப் பக்கம் போனா தூக்கித் தூக்கிப் போடும். பின்னாடி போனா மிஷின் அதிரும். நடுவுல பாயைப் போடு. கக்கூஸுக்குப் பக்கத்துலயும் வேணாம், ரொம்பத் தூரமும் வேணாம்."

என் முதல் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டியபோது இது என் நினைவுக்கு வரவில்லை.

என் கணவர் பணி ஓய்வு பெற்ற வருடம், ஜூலை மாதம். சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் நான்கு இரவுப் பயணம். டிக்கெட் போட்டவர் கேட்டது ஒரே கேள்வி: "உள் அறையா, ஜன்னலா, பால்கனியா?" பால்கனி என்றோம். அதிலும் 'கேரண்டி' என்று ஒரு வகை இருந்தது. அறையின் ரகத்துக்கு மட்டும் நாம் பணம் கட்டுகிறோம். எந்த அறை என்பதைக் கப்பல் கம்பெனியே பிறகு ஒதுக்கும். கொஞ்சம் மலிவு. சரி என்று தலையாட்டினோம். கிடைத்தது கப்பலின் முன்முனையில், மிக உயரத்தில், நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே ஓர் அறை.

முதல் இரவு கடல் அமைதி. ஒரு பக்கம் மலாயா, மறுபக்கம் சுமத்ரா என்று இரண்டு கரைகளும் அணைத்துக்கொண்டிருப்பதால் மலாக்கா நீரிணையில் பெரிய அலை எழுவதில்லை. ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு மேலே நாற்காலிகளை இழுத்து அடுக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு நாற்காலியும் எங்கள் தலைக்கு மேல் கீச்சிட்டது. பினாங்கில் கப்பலைத் துறையோடு அணைக்கும்போது முன்பகுதியில் நீருக்கடியில் உள்ள உந்துவிசிறிகள் ஓடின. சுவரெல்லாம் அதிர்ந்தது. பினாங்கைத் தாண்டி அந்தமான் கடலுக்குள் நுழைந்தபோதுதான் உண்மையான சோதனை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அங்கே தடுப்பதற்குக் கரை இல்லை. அலமாரிக்குள் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன. மேசைமேல் வைத்த தண்ணீர் டம்ளர் தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்தது. கணவர் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்துவிட்டார்.

இரவு பதினொரு மணிக்கு மாத்திரை வாங்க ஐந்தாம் தளத்துக்கு இறங்கினேன். வரவேற்பு மேசை கப்பலின் நடுப்பகுதியில் இருந்தது. பக்கத்து சோபாவில் ஒரு பெண்மணி காபி குடித்துக்கொண்டு புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். கோப்பை விளிம்பு வரை காபி. அது தளும்பவே இல்லை. நான் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதே கப்பல், அதே அலை, அதே நிமிடம். மேலே என் கணவர் தலை தூக்க முடியாமல் கிடக்கிறார். அப்பாவின் பாய் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஏற்றம் இறைத்த கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மரத்தின் முனை விண்ணுக்கும் மண்ணுக்கும் போய்வரும். நடுவில் அச்சு இருக்கும் இடம் அசையாது. அலைமேல் கப்பலின் முன்னும் பின்னும் மாறி மாறி ஏறி இறங்குவதும் இப்படித்தான். பக்கவாட்டில் சாய்வது வேறு ஆட்டம். அதற்குத் தென்னையை நினைத்துக்கொள்ளுங்கள்: அடிமரம் நிற்கும், உச்சி ஆடும். ஆகவே தளம் உயர உயர அந்தச் சாய்வு கூடும். இன்றைய கப்பல்களில் இரு பக்கமும் நீருக்கடியில் இறக்கை போன்ற தகடுகளை நீட்டிப் பக்கவாட்டு ஆட்டத்தைப் பெருமளவு அடக்கிவிடுகிறார்கள். முன்பின் ஆட்டத்துக்கு அந்த இறக்கைகளால் பெரிய பயனில்லை. கீழ்த்தளம், நடுப்பகுதி: தலைசுற்றல் பயம் உள்ளவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், உயரத்தில் உள்ள அறைகளுக்குத்தான் பெரும்பாலும் விலை அதிகம்.

ஜன்னலும் உதவும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. அறைச்சுவரைப் பார்க்கும் கண் 'ஆடவில்லை' என்கிறது. இந்த முரண்தான் குமட்டலாக வெளிப்படுகிறது. தொடுவானத்தைப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும். உள் அறையில் அந்த வசதி இல்லை. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்றும் தெரியாது. சிலருக்கு அந்த இருட்டில் அருமையாகத் தூக்கம் வரும். வயதானவர்கள் நடுராத்திரியில் எழுந்து குளியலறையைத் தேடித் திண்டாடுவார்கள்.

அடுத்த முறை அம்மாவை அழைத்துப்போக முடிவு செய்தோம். அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. கணவனுக்கு வேலை கொடுத்த பினாங்கை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று கேட்டதும் இல்லை. ரஜூலா 1973-இல் ஓய்ந்தது. அதற்குப்பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகளின் கடல்வழிப் பயணமே நின்றுபோனது.

இந்தத் தடவை கப்பலின் தள வரைபடங்களை மகளிடம் சொல்லி அச்செடுத்து வாங்கினேன். கம்பெனிகளே இதை வெளியிடுகின்றன. கேட்டால் டிக்கெட் போடுபவரும் தருவார். ஒரே அளவில் மூன்று தாள்: நாம் படுக்கப்போகும் தளம், அதற்கு மேல்தளம், கீழ்த்தளம். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். வெயில் பட்டதும் கோடுகளெல்லாம் ஊடுருவித் தெரிந்தன. நல்ல அறை என்று நான் பென்சிலால் வட்டமிட்டிருந்த ஒன்றுக்கு நேர் கீழே நாடக அரங்கு. இன்னொன்றுக்கு மேலே உணவுக்கூடம். ஓரிடத்தில் எதுவும் எழுதாத வெள்ளைக் கட்டம் இருந்தது. அப்படி வெறுமையாக விட்ட இடங்கள் பெரும்பாலும் ஊழியர்கள் புழங்கும் பகுதிகள். சமையற்கட்டாக இருக்கலாம், சாமான் அறையாக இருக்கலாம், தள்ளுவண்டி ராத்திரியிலும் உருளும். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும் அறைதான் அமைதியானது. இதை ஒரு விதியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

அம்மா பூதக்கண்ணாடியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "லிஃப்ட் எங்க இருக்கு?" அவருடைய முதல் கேள்வி அதுதான், அவருடைய முழங்கால் அப்படி. சிங்கப்பூரிலிருந்து புறப்படும் ஜெண்டிங் ட்ரீம் போன்ற கப்பல் 335 மீட்டர் நீளம். பதினான்கு ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்திய தூரம். ஒரு கோடியில் அறை, மறு கோடியில் சாப்பாடு என்றால் மூன்று வேளையும் அந்தத் தூரத்தை நடந்தாகவேண்டும். லிஃப்டுக்கு நேர் எதிரே வேண்டாம், ஆள் பேச்சு ஓயாது. நான்கைந்து கதவு தள்ளி இருந்தால் போதும். பக்கத்து அறைக்குப் போக இடையில் கதவு உள்ள அறைகளும் உண்டு. தெரிந்த குடும்பம் அந்தப் பக்கம் இல்லையென்றால் தவிர்த்துவிடுங்கள், அடுத்தவர் பேச்சு அந்தக் கதவு வழியே வரும்.

மூன்று பேர் ஓர் அறையில் தங்குவதானால் மூன்றாவது படுக்கை எது என்று கேளுங்கள். பல கப்பல்களில் அது மேலிருந்து இறக்கும் பரண் படுக்கை, ஏணி வைத்து ஏறவேண்டும். குளியலறை வாசலில் கால் தடுக்கும் உயரத்துக்கு ஒரு படியும் இருக்கும். சக்கர நாற்காலி போகும் அளவுக்குக் கதவு அகலமாக, படி இல்லாமல் கட்டிய அறைகள் பெரும்பாலான கப்பல்களில் சில உண்டு. சிலதான் உண்டு என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். இதை யாரும் தானாக நமக்குச் சொல்வதில்லை. இது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஒரு வயதானவர் விழுந்து முறிந்த இடுப்பெலும்பை எந்தக் கடற்காட்சியும் சரிசெய்யாது.

பால்கனியை விட்டுவிட்டு ஜன்னல் அறை எடுத்தோம். மிச்சமான பணத்தில் அறையை நாமே எண் சொல்லித் தேர்ந்தெடுக்கும் கட்டணம் கட்டினோம். நான்கு இரவுப் பயணத்தில், அந்தப் புழுக்கத்தில், பால்கனியில் உட்கார்ந்த நேரம் முதல் தடவை மொத்தமாகவே இரண்டு மணி இருக்காது. இடி விழுந்தாலும் தூங்கும் இளவட்டங்கள் கேரண்டி டிக்கெட்டில் தாராளமாகப் போகலாம். ஜன்னல் அறை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்தில் சில ஜன்னல்களுக்கு முன் படகின் முதுகுதான் தெரியும். வரைபடத்தில் அதற்குத் தனிக் குறி போட்டிருப்பார்கள்.

எந்தப் பக்கம் என்பதையும் யோசித்தோம். சிங்கப்பூரிலிருந்து வடக்கே போகும்போது மலாயாக் கரை வலக்கைப் பக்கம். ஆறாம் தளம், நடுப்பகுதி, வலப்பக்கம். அம்மா குங்குமச் சிமிழைத் திறந்து, விரல் நுனியால் அந்த எண்மேல் ஒரு பொட்டு வைத்தார்.

பிப்ரவரியில் போனோம். கடல் குளம்போல் கிடந்தது. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த செம்பில் தண்ணீர் நிரப்பித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார். பினாங்கு வந்த அன்று காலை, நான் கண்விழித்தபோது அம்மா ஏற்கனவே குளித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பச்சை மலையொன்று கண்ணாடி முழுக்க நிறைந்து மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"உங்கப்பா சொல்ற கொடிமலை இதுதானா?" என்றார். அப்பா இறந்து பதினெட்டு வருடமாகியும் 'சொல்ற' என்றுதான் சொல்வார். நான் பதில் சொல்வதற்குள் எழுந்து, கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடத் தொடங்கினார்.