சட்டித் தயிர்: உண்ணத் தகுந்ததா?

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், நெல் வேளாண்மையும் எருமைப் பட்டியும் ஒன்றையொன்று சார்ந்தவை. வவுணதீவிலும் அயலூர்களிலும் உறைகின்ற எருமைத் தயிர் மண்சட்டியோடு வலையிறவுப் பாலத்தைக் கடந்து நகருக்குச் செல்கின்றது. வீட்டுப் பிள்ளைகளின் சோற்றிலும் அதுவே சேர்கின்றது. ஆயினும், சட்டி கெட்டதா இல்லையா என்பதைப் பலர் புளிப்பைக் கொண்டே தீர்மானிக்கின்றனர். இது பிழையான அளவுகோலாகும்.

புளிப்பு, தயிரைக் காக்கும் பொருள். உறைமோரிலுள்ள நற்கிருமிகள் பாற்சீனியை இலற்றிக்கமிலமாக மாற்றுவதனாலேயே பால் உறைகின்றது. நோய்க்கிருமிகள் பெருகுவதும் தடைப்படுகின்றது. மேலே தெளிநீர் சிறிது நிற்பதும் கேடன்று. எருமைத் தயிரின் தூய வெண்மையும் அப்பாலின் இயல்பே.

உண்மையில் அஞ்சத்தக்கது உறையாத பாலே. இரவு உறையிட்ட பால் காலையிலும் நீர்த்திருந்தால், காக்கும் அமிலம் அங்கே உண்டாகவில்லை என்பது பொருள். இளஞ்சூட்டில் இருந்த அப்பாலில் இரவு முழுதும் வேறு கிருமிகள் பெருகியிருக்கலாம். அதனை மீண்டும் காய்ச்சிப் பயன்படுத்துவோர் உளர். அது வீண் துணிவு. சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு கொதியிலும் அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் சில மணி நேரத்தில் தோன்றும். அப்பாலைக் கொட்டிவிடுதலே தகும்.

பால் உறையாமைக்குக் காரணங்கள் பல: உறைமோர் பழையதாதல், பால் ஆறிப்போதல், அல்லது கொதிசூட்டில் உறையிடுதல். பலரும் எண்ணாத காரணம் ஒன்றுண்டு. மடியழற்சிக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற்றிய எருமையின் பாலில் அம்மருந்து கலந்துவந்து நற்கிருமிகளையும் கொன்றுவிடும். மிருக வைத்தியர் குறித்த நாட்கள் கழியும்வரை அப்பாலைச் சேர்த்தலாகாது.

நன்கு உறைந்த தயிரிலும் பச்சை, கறுப்புப் பூஞ்சணம், செந்நிறப் புள்ளி, நூல்போல் இழுபடுதல், நுரைக்குமிழி, அழுகல் நாற்றம் ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும் சட்டி முழுவதையும் எறிக. பூஞ்சணத்தை மட்டும் வழித்தெடுப்பதாற் பயனில்லை. அதன் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும். ஐயமுள்ளபோது சுவைத்துப் பார்த்தலும் வேண்டாம்.

பாலை நன்கு கொதிக்கவைத்து, விரல் பொறுக்கும் சூட்டில், ஏறத்தாழ 43 பாகை செல்சியசில், லீற்றருக்கு இரண்டு மேசைக்கரண்டி புதிய தயிரைச் சேர்த்து, மூடி, அசையாது வைத்தல் வேண்டும். மாரியில் வீடு குளிருமாதலின், சட்டியைச் சாக்கினாற் சுற்றிவைப்பது நன்று. உறைந்த பின் குளிர்ப்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துள் உண்க. அவ்வசதி இல்லாதவர் நாளுக்கு வேண்டிய அளவே உறையிடுதல் நலம்.

மண்சட்டியின் நுண்துளைகளிற் பழைய பால் தங்குமாதலின், புதுச்சட்டியே சிறந்தது. வயலிற் பீடைநாசினி இருந்த கலனை எத்தனை முறை கழுவினாலும், அதனைப் பாலுக்கோ உறைமோருக்கோ எடுத்தலாகாது.