முதுமையும் இன்சுலினும்

மாலை விளக்கேற்றும் வேளை. சாய்மனைக் கதிரையிலிருக்கும் பெரியவர் காரணமின்றிச் சினங்கொள்கிறார், பேச்சுக் குழறுகிறது, மகளின் பெயரை மாற்றி அழைக்கிறார். "அறளை பெயர்ந்துவிட்டது" என்று வீட்டார் தம்முட் கூறி வாளாவிருக்கின்றனர். காலையில் வழமைபோல் இன்சுலின் ஏற்றிக்கொண்ட அவர், மதியம் இரண்டு பிடி சோற்றுடன் கையலம்பிவிட்டதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவருக்கு நேர்ந்தது அறிவின் தேய்வு அன்று. இரத்தத்தில் சீனி குறைந்துவிட்டமையே.

1922ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரில் முதன்முதலாக நோயாளருக்கு ஏற்றப்பட்ட காலந்தொட்டு இன்சுலின் எண்ணிறந்த உயிர்களைக் காத்து வருகின்றது. ஆயினும் அதன் இயல்பொன்றை மறத்தலாகாது. நலமுள்ள உடலிற் கணையம் உணவின் அளவறிந்து இன்சுலினைச் சுரக்கும். ஊசிவழிச் சென்ற இன்சுலினோ, உணவு வந்தாலும் வராவிட்டாலும் தன் தொழிலைச் செய்துகொண்டேயிருக்கும்.

முதுமையில் இவ்வாபத்து மிகுவதற்குக் காரணங்கள் பல. பசி நாளுக்கொருவிதமாக மாறும். சிறுநீரகம் தளர்ந்தோரின் உடலில் இன்சுலின் நெடுநேரம் தங்கிநிற்கும். நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு முதலிய முன்னறிகுறிகள் மங்கிவிடும். பார்வை மங்கியோர் அளவுக்கோட்டைப் பிழையாக வாசிப்பர். மறதியுடையோர் ஏற்றிய ஊசியையே மீண்டும் ஏற்றுவர். சீனி குறைந்து தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், படுக்கையே கதியாவதும் உண்டு.

ஆகவே, இளையோருக்கு வகுத்த கட்டுப்பாட்டை மூத்தோர்மீது அப்படியே சுமத்துதல் பொருந்தாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, உடல் தளர்ந்த முதியோருக்கு நூற்றுக்கு 8 அளவில் இருந்தாலும் போதுமென வைத்தியர்கள் பலகாலும் கொள்வர். அளவை முடிவுசெய்யும் பொறுப்பு அவர்களுடையதே. காய்ச்சலோ வாந்தியோ கண்டவிடத்தும், விரதம் நோற்க விரும்பியவிடத்தும், ஊசியைத் தாமாக நிறுத்தாது வைத்தியரைக் கேட்டறிதல் வேண்டும்.

வீட்டார் செய்யத்தக்கவையும் உள. ஊசி ஏற்றுகையில் வேறொருவர் அளவைப் பார்த்தல் நன்று. ஏற்றியவுடன் நாட்காட்டியிற் குறித்தால் இருமுறை ஏற்றும் தவறு நேராது. உணவுக்கு முன் ஏற்றும் ஊசியாயின், உணவு ஆயத்தமாகியதை உறுதிசெய்த பின்னரே ஏற்றவேண்டும்.

பெரியவர் திடீரென வியர்த்து, தடுமாறி, முன்பின் முரணாகப் பேசுவாராயின் உடனே சீனியை அளக்கவேண்டும். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் குறைந்திருப்பின், அல்லது அளக்கும் கருவி இல்லையாயின், நினைவுடன் விழுங்கக்கூடிய நிலையிலுள்ளவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் கொடுக்கலாம். 15 நிமிடங்களின் பின் மீண்டும் அளந்து, குறைவாகவேயிருப்பின் இன்னொருமுறை கொடுத்தல் வேண்டும். தேறியபின் உணவளித்தல் அவசியம். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துக் கிடத்தித் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

முதியவரின் தடுமாற்றத்தை வயதின்மீது சுமத்துமுன், அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பது வீட்டாரின் முதற் கடமையாகும்.