கடல் கடந்து போனவர்களின் போர்

ப. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். 1938-இல், பதினெட்டு வயதில், சுமத்ராவின் மேடான் நகரத்து வட்டிக்கடை வேலைக்குக் கப்பலேறினார். நாலு வருஷத்தில், இரண்டாம் உலகப் போரில், ஜப்பான் ராணுவம் அந்த ஊரைப் பிடித்தது. 1946-இல் திரும்பி வந்து, மதுரையில் தினத்தந்தி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியாளாகவே வாழ்ந்தார். எழுதிய நாவல்கள் இரண்டே: ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டாவது, போட ஆளில்லாமல் பல வருஷம் கிடந்து, 1972-இல்தான் அச்சுக்கு வந்தது.

சாத்தூர்ப் பக்கம் அச்சங்குளத்தில் இருந்துகொண்டு பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிற நான் இந்தப் புத்தகங்களைத் தேடிப் போனதற்குக் காரணம் என் தாத்தா. ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மழை பொய்த்தால் இந்தக் கரிசலில் பிழைக்க வழியில்லை. பழைய ராமநாதபுரம் மாவட்டத்து ஊர்களிலிருந்து பர்மா, மலேயா, கொழும்பு என்று போனவர்கள் ஏராளம். எப்படித் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டால், “நடந்தே வந்தோம் தாயி” என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

அந்த நடை என்ன நடை என்பதை எனக்குச் சொன்னவர் வெ. சாமிநாத சர்மா. ரங்கூனில் ‘ஜோதி’ பத்திரிகையை நடத்தியவர். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூன்மேல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. 1942 மார்ச் 8-இல் நகரமே விழுந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் காட்டிலும் மலையிலும் நடந்தார்கள். பர்மாவை விட்டுக் கிளம்பிய இந்தியர்கள் சுமார் 5 லட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். வழியில் காலராவிலும் மலேரியாவிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. சர்மாவும் மனைவி மங்களமும் மணிப்பூர் வழியாக நடந்து வந்தவர்கள். அதைத்தான் ‘பர்மா வழிநடைப் பயணம்’ என்று எழுதினார். அந்த வருஷம் வெள்ளைக்காரருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று பிரித்து வைத்திருந்தார்கள். தண்ணீரும் நிழலும் இருந்த பாதை யாருக்குப் போயிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். படித்து முடித்த அன்று தாத்தாமேல் இருந்த கோபமெல்லாம் எனக்குப் போய்விட்டது. பேத்தியிடம் சொல்லக்கூடிய கதையா அது?

வெளியே வராத கதை எங்களுக்கும் உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று எங்கள் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து இருபது பேருக்கு மேல் செத்தார்கள். பேப்பரில் எண்ணிக்கை வந்தது, நிவாரணத் தொகை வந்தது. யார் எந்த ரூமில் இருந்தார், மருந்து ரூமிலிருந்து யார் அப்போதுதான் வெளியே வந்தார், காலையில் தூக்குவாளியில் என்ன கொண்டுபோனார் என்பதெல்லாம் பேப்பரில் வராது. அது நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வது. போரைப் பற்றி அப்படிப்பட்ட பேச்சைத்தான் சிங்காரமும் சர்மாவும் எழுத்தாக விட்டுப் போயிருக்கிறார்கள். சரித்திரப் பாடத்தில் தேதியும் தளபதி பெயரும் இருக்கும். கடைப் பையனுக்கும் கூலிக்காரனுக்கும் அந்தத் தேதியில் என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டுமானால் இவர்களிடம்தான் போக வேண்டும்.

‘புயலிலே ஒரு தோணி’யையும் சர்மாவின் புத்தகத்தையும் சேர்த்துப் படியுங்கள் என்பேன். சர்மா தான் கண்டதைச் சொல்கிறார். பாதையும் பசியும் அதில் இருக்கும். அடுத்தவன் மனசுக்குள் என்ன ஓடியது என்று அவரால் சொல்ல முடியாது. சிங்காரத்தால் முடியும். ஜப்பான்காரன் மேடானுக்குள் நுழைகிறான், கடைகள் சூறையாடப்படுகின்றன, தெருவில் தலைகள் உருளுகின்றன. அதே ஊரில், அதே நாவலில், நம்மூர்ப் பையன்கள் குடித்துவிட்டு மதுரைத் தெருக்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சாவு பக்கத்தில் நிற்கும்போது அவர்களுக்கு ஞாபகம் வருவது ஊர்க் கடைவீதி. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்ற கடைப் படிக்கட்டில் வளர்ந்த இளைஞர்கள் திடீரென்று துப்பாக்கி தூக்குவதை வேறு யாரும் இப்படி எழுதவில்லை. மலாய்ச் சொற்கள் நிறைய வரும். நின்று நின்று அர்த்தம் தேடாமல் படித்துக்கொண்டே போனால் தானாகப் பிடிபடும். பாய்மரக் கப்பல் புயலில் மாட்டும் அத்தியாயத்தை மட்டும் சத்தம் போட்டுப் படித்துப் பாருங்கள்.

சயாம் மரண ரயில் கதையிலும் கூலிக்காரர்கள் இப்படித்தான் விடுபட்டுப் போனார்கள். 1942-43-இல் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட ஜப்பான்காரர்கள் இழுத்துப்போன ஆசியத் தொழிலாளர்கள் 2 லட்சம் பேர் இருப்பார்கள்; மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் அதில் ஏராளம். செத்தவர்கள் மட்டும் சுமார் 90 ஆயிரம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 1957-இல் வந்து உலகமே பார்த்த ‘குவாய் நதிப் பாலம்’ படத்தில் வெள்ளைக்காரக் கைதிகளின் கதைதான் உண்டு. தமிழர்களின் கதையை மலேசியாவின் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலாக எழுதினார். அதை இங்கே எத்தனை நூலகங்கள் வாங்கி வைத்திருக்கின்றன?

வெளிநாட்டுச் சரக்கு வருவது நின்ற அந்தப் போர்க்காலத்தில்தான் சிவகாசிப் பட்டாசுத் தொழிலே கால் ஊன்றியது. கடல் கடந்து போகாதவர்களின் பிழைப்பையும் அந்தப் போர் மாற்றியிருக்கிறது. ஆனாலும் எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் அதை எழுதி நான் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாஸ்போர்ட், ரங்கூன் கடிதம், வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டு எது இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். பர்மாவோ மலேயாவோ பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். போனில் பதிவு செய்தாலும் போதும். 1942-இல் பத்து வயதுப் பிள்ளையாக நடந்து வந்தவருக்கு இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டது.