இறக்கம் பார்த்து ஓடும் வாடகை ஸ்கூட்டர்

விடிந்தும் விடியாமலும் போடியிலிருந்து முந்தலைத் தாண்டி மலையேறும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காய் பறிக்கப் போகிற பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். காலையில் எல்லோருக்கும் ஏற்றம். சாயங்காலம் எல்லோருக்கும் இறக்கம். கூட்டம் இப்படி ஒரே திசையில் போனாலும் ஜீப்புக்குச் சிக்கல் வருவதில்லை. டிரைவர் மேலேயே காத்திருந்து திரும்பக் கூட்டிவந்துவிடுவார். அந்த டிரைவர் இல்லாமல், 'செல்போனில் பூட்டைத் திற, போன இடத்தில் விட்டுவிட்டுப் போ' என்று வண்டியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? வாடகை மின் ஸ்கூட்டர் திட்டங்கள் உலகெங்கும் தடுமாறியது இந்தக் கேள்வியில்தான்.

கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில் 2017 செப்டம்பரில் 'பேர்ட்' நிறுவனம் நின்றபடி ஓட்டும் மின் ஸ்கூட்டர்களைத் தெருவில் இறக்கியது. சார்ஜ் தீர்ந்த வண்டிகளை ராத்திரியில் ஆட்கள் தங்கள் காரில் அள்ளிப்போய், வீட்டில் சார்ஜ் போட்டு, விடிவதற்குள் திரும்ப வைப்பார்கள்; வண்டிக்கு இவ்வளவு என்று கூலி. இந்த ஏற்பாட்டை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் கணக்குப் பார்த்தார்கள். இத்தகைய ஸ்கூட்டரால் வரும் கரியமில வாயுவில் பாதி, அதைத் தயாரிப்பதிலேயே வந்துவிடுகிறது. 43 சதவீதம், சார்ஜ் போடுவதற்காக வண்டியைத் தினமும் அள்ளிக்கொண்டு அலைவதில் வருகிறது. ஓடுவதற்குச் செலவாகும் மின்சாரத்தின் பங்கு மிகச் சொற்பம். 2023 டிசம்பரில் பேர்ட் திவால் மனு போட்டது.

இதற்குப் பெங்களூருவில் 'யுலு' நிறுவனம் கண்ட வழி, வண்டியை நிற்கிற இடத்தில் விட்டுவிட்டு பேட்டரியை மட்டும் மாற்றுவது. பழையதை உருவி, சார்ஜ் ஏறியதைச் செருகினால் வண்டி தயார். அள்ளிப்போகும் அலைச்சல் மிச்சம். ஆனால் வண்டிகள் வேண்டாத இடத்தில் போய்த் தேங்குவதை பேட்டரியால் தடுக்க முடியாது. மேடான இடத்திலிருந்து கீழே ஓட்டிவர எல்லோருக்கும் பிடிக்கும். திரும்பக் கொண்டுபோய் விட ஆள் இருக்காது. 2007-ல் பாரீஸில் தொடங்கிய 'வெலிப்' வாடகை சைக்கிள்களுக்கே இந்தக் கதி வந்தது. மேட்டில் உள்ள நிலையங்களில் சைக்கிளைக் கொண்டுவந்து விடுபவருக்கு 15 நிமிடம் இலவசம் என்று ஆசைகாட்ட வேண்டியிருந்தது.

மின் வண்டிக்கு மோட்டார் இருக்கிறதே, மேடு என்ன செய்யும்? ஜீப்புகள் ஏறும் போடிமெட்டுச் சாலையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடிவாரத்துக்கும் போடிமெட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,000 மீட்டர். ஆள் 75 கிலோ, வண்டி 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த 125 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 340 வாட்-மணி ஆற்றல் வேண்டும். மோட்டாரிலும் கம்பியிலும் சூடாகி வீணாவதைச் சேர்த்தால் 500-ஐ நெருங்கும். சமதரையில் அதே மின்சாரத்தில் 25 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டலாம்.

வேகமும் படுத்துவிடும். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும், மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் வேகமும் உள்ள லேசான வண்டிக்கு நம் நாட்டில் பதிவும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம். வாடகைத் திட்டங்கள் இந்த வகையை விரும்புவது அதனால்தான். 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் சாலையில் 250 வாட்டின் முழுச் சக்தியையும் கொடுத்தாலும் அது மணிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டாது. பின்னால் மிளகு மூட்டை ஏற்றிய லாரி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்.

இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தரும். ஆனால் மலைமேல் முழுசாகச் சார்ஜ் போட்டு இறங்கினால், வருகிற மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது. அத்தனை ஆற்றலும் பிரேக்கில் சூடாகத்தான் போயாக வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் அது ஆபத்து. மேலே சார்ஜ் போடுகிறவர் பாதியில் நிறுத்திக்கொள்வது நல்லது.

ஆக, இந்த வண்டிக்கு எல்லை அடிவாரத்து முந்தல்தான். கீழே போடி, சிலமலை, தேவாரம் என்று அடிவாரத்தை ஒட்டிய சாலைகளில் மலையேற்றத் தொல்லை இல்லை. 2023 ஜூனில் அகலப்பாதையில் ரயில் மீண்டும் போடிக்கு வந்ததால், ஸ்டேஷனிலும் வாடகைக்கு எடுக்க ஆள் உண்டு. ஆனால் ரயிலில் வந்து இறங்குகிற அத்தனை பேருக்கும் அதே பத்து நிமிடத்தில் வண்டி வேண்டும். அப்புறம் ஸ்டேஷன் வாசல் காலி.

எங்கே நிறுத்துவது என்பது அடுத்த தலைவலி. செல்போன் ஜி.பி.எஸ். சில மீட்டர் தவறும். மாடிவீடுகள் நெருங்கிய தெருவில் இன்னும் கூடும். வண்டி நடைபாதையில் கிடக்கிறதா, ரோட்டோரம் நிற்கிறதா என்று அதற்குப் பிடிபடாது. பாரீஸில் வாடகை மின் ஸ்கூட்டர்களுக்கு நிறுத்துமிடங்கள் ஒதுக்கி, வேகத்தைக் குறைத்தும் புகார் ஓயவில்லை. 2023 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்களே மிகக் குறைவு. அவர்களில் 89 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஆகஸ்டோடு வாடகை ஸ்கூட்டர்கள் கிளம்பின. நம் பக்கத்திலும் கோவையில் மஞ்சள் சைக்கிள்களை இறக்கிய 'ஓஃபோ', 2018-லேயே இந்தியாவை விட்டுப் போனது.

தாக்குப்பிடிப்பவர்கள் வாடிக்கையாளர்களையே மாற்றிக்கொண்டார்கள். யுலு வண்டிகளை இன்று பெருமளவில் ஓட்டுவது உணவும் மளிகையும் கொண்டுபோகும் டெலிவரி ஊழியர்கள். நாள் கணக்கில், வாரக் கணக்கில் எடுப்பதால் வண்டி ஒருவர் பொறுப்பில் இருக்கிறது. தெருவில் அநாதையாகக் கிடப்பதில்லை. போடியிலும் ஏலக்காய்க் கடைகளில் கணக்கு எழுதுகிறவர், கூரியர் பையன், சிலமலையிலிருந்து தினமும் போடிக்கு வேலைக்கு வருகிறவர் என்று மாத வாடகைக்கு எடுக்க ஆள் கிடைக்கும். நிமிட வாடகைக்கு ரயிலடி, பஸ் ஸ்டாண்டு என இரண்டு இடத்தில் ஸ்டாண்டு போட்டுக் கொஞ்சம் வண்டி விட்டால் போதும்.

நகராட்சி டெண்டர் விடும் நாள் வந்தால், நூறு வண்டிக்கு எத்தனை பேர் பேட்டரி மாற்றுவார்கள், தேங்கிய வண்டியை எத்தனை மணி நேரத்தில் எடுப்பார்கள் என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளட்டும். எத்தனை வண்டி இறக்கினால் கட்டுப்படியாகும் என்பதைக் கம்பெனியே கணக்குப் போட்டுக்கொள்ளும்.